சரியல்ல

சாட்சி சொல்லப் போகிறவன் அதற்காகத் தன்னைத் தயார் செய்துகொள்ளலாமா என்பது பார்வைக்கு ஒரு வக்கீல் ஆபீஸ் கேள்வி. சென்ற மூன்று வாரங்களாக எனக்கு அது வேறு மாதிரியான கேள்வியாக இருந்துவருகிறது. வருகிற வியாழக்கிழமை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் என்னைக் குறுக்கு விசாரணை செய்யப்போகிறார். மனுதாரரும் நானே, முதல் சாட்சியும் நானே. காகிதங்களில் என் பெயர் ம.சா.1.

சம்பவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023 ஆகஸ்டில் ஒரு மாலை வங்கியிலிருந்து ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது, வேளச்சேரியில் பிரதான சாலையிலிருந்து வலதுபுறத் தெருவுக்குத் திரும்பினேன். பின்னால் வந்த தண்ணீர் லாரி இடித்தது. வலது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்தன. உள்ளே ராடு வைத்திருக்கிறார்கள். மருத்துவக் குழு என் ஊனத்தை 28 சதவீதம் என்று எழுதித் தந்திருக்கிறது. லாரியின் உரிமையாளர் முதல் எதிர்மனுதாரர். அவர் கோர்ட்டுக்கு வரவேயில்லை. ஓட்டியவரும் வரவில்லை. இரண்டாம் எதிர்மனுதாரரான இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி மட்டும் வந்து நிற்கிறது. ஆக, அந்தச் சாலையில் அந்த நிமிஷத்தில் இருந்த இருவரில் ஒருவர் வரமாட்டார். மற்றவனான நான், அங்கே இல்லாத ஒருவர் கேட்க, அங்கே இல்லாத இன்னொருவர் எழுதிக்கொள்ள, அங்கே என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும்.

என் வக்கீலின் ஜூனியர் மூன்று மாலைகள் எனக்குப் பாடம் எடுத்தார். என்னைவிட எட்டு வயது இளையவர். எதிர்த்தரப்பு வக்கீலாகத் தன்னைப் பாவித்துக்கொண்டு கேட்பார். "லைசென்ஸ் இருந்துச்சா? ஹெல்மெட் போட்டிருந்தீங்களா? போலீசுக்கு எப்ப சொன்னீங்க, அதுக்கு முன்னாடி ஏன் சொல்லல? ஆஸ்பத்திரிச் செலவுல ஆபீஸ் எவ்வளவு குடுத்துச்சு? இப்பவும் அதே சம்பளம்தானே வாங்கறீங்க?" அவர் சொல்லித்தந்த விதிகள் நான்கு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். கேள்வி முடிந்த பிறகு சொல்ல வேண்டும். தெரியாததை ஊகித்துச் சொல்லக் கூடாது. கோபப்படக் கூடாது. இவற்றில் எதிலும் தார்மீகக் குறை காண முடியாது. நம்முடைய இலக்கியக் கூட்டங்களில் இந்த நான்கையும் கட்டாயமாக்கினால்கூட நல்லதுதான்.

ஐந்தாவதாக ஒன்று இருந்தது. அதை அவர் விதியாகச் சொல்லவில்லை.

"ரைட்ல திரும்பறப்ப இண்டிகேட்டர் போட்டீங்களா?"

முதல் மாலை நான் பதில் சொல்லத் தாமதித்தேன். "யோசிக்காதீங்க சார். யோசிச்சா அங்கேயே பிடிச்சுக்குவாங்க. அஃபிடவிட்ல நாலாவது பாராவுல போட்டேன்னுதான் இருக்கு" என்றார். இரண்டாம் மாலை தாமதிக்காமல் "போட்டேன்" என்றேன். மூன்றாம் மாலை அவர் கேட்டபோது, ஸ்கூட்டரின் முகப்பில் அந்தப் பச்சை அம்பு விட்டுவிட்டு எரிவது கண்ணுக்குத் தெரிந்தது. டிக் டிக் என்ற சத்தம் கேட்டது. இடது கட்டை விரல் பொத்தானைத் தள்ளிய அழுத்தம்கூட விரலில் இருந்தது. மூன்றாம் மாலை எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. என் சங்கடம் அங்கேதான் தொடங்குகிறது.

இதைப் பொய் என்று சொல்ல முடியாது. பொய் சொல்பவன் இரண்டு கணக்கு வைத்திருக்கிறான். எது அசல் என்று அவனுக்குத் தெரியும். என்னிடம் இருப்பது ஒரே கணக்கு. அதில் ஒரு பதிவு இருக்கிறது. யார் எப்போது பதிந்தது என்று மட்டும் தெரியவில்லை. வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "நீங்க எப்பவும் போடுவீங்களே. ஆளில்லாத தெருவுலகூட போடுவீங்க. அன்னிக்கு மட்டும் போடாம இருப்பீங்களா?" என்றாள். அவள் சொன்னதில் தவறில்லை. ஆனால் அது என் பழக்கத்தைப் பற்றிய உண்மை. என்னிடம் கேட்கப்படுவது அன்று மாலையைப் பற்றி. ஆயிரம் மாலைகள் போட்டவன் ஆயிரத்தொன்றாம் மாலை போடாமல் இருந்திருக்கலாம். அப்படிப்பட்ட ஒரு மாலையில்தானே விபத்து நடக்கும்?

ஞாபகம் வார்த்தைக்குக் கட்டுப்பட்டது என்று அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974இல் ஒரு பரிசோதனை மூலம் காட்டினார்கள். பொருளும் ஒரு மோட்டார் விபத்துதான். கார்கள் மோதிக்கொள்ளும் படத்தை மாணவர்களுக்குக் காட்டிவிட்டு, கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். 'இடித்தபோது' என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 34 மைல் என்றார்கள். 'மோதி நொறுங்கியபோது' என்று கேட்கப்பட்டவர்கள் 40.5 மைல் என்றார்கள். இன்னொரு பரிசோதனையில், ஒரு வாரம் கழித்து, கண்ணாடி உடைந்து கிடந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. 'இடித்தபோது' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். 'நொறுங்கியபோது' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர். அந்தப் பதினாறு பேரும் பொய்யர்கள் இல்லை. ஒரு வினைச்சொல் அவர்கள் தலைக்குள் கண்ணாடியை உடைத்துப் போட்டிருக்கிறது.

நம்முடைய முதல் தகவல் அறிக்கைகளில் எல்லா வாகனங்களும் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' வருகின்றன. என் வழக்கிலும் லாரி அப்படித்தான் வந்திருக்கிறது. அந்த இரட்டைச் சொல்லை நான் கண்டுபிடிக்கவில்லை. அது எனக்காக முன்பே தயாராக இருந்தது. வேகத்தைப் பொறுத்தவரை எனக்கென்று ஒரு பிடிமானம் உண்டு. கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தேன். லாரி தொலைவில் இருந்தது. மறுபடி பார்ப்பதற்குள் என் மேல் இருந்தது. இதை ஆஸ்பத்திரியில் முதல் இரவே தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். இண்டிகேட்டரைப் பற்றி அன்று யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பதினான்கு மாதம் கழித்து வாக்குமூலம் தட்டச்சு ஆனபோதுதான் அது முதன்முதலாக எரிகிறது.

சாட்சி தன் நினைவைப் புதுப்பித்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் சம்பவம் நடந்த சமயத்திலோ, அது மனதில் பசுமையாக இருக்கும்போதோ எழுதிவைத்ததைப் பார்த்துத்தான். சட்டம் எழுதியவர்கள் மனித மனத்தைச் சாமான்யமாகப் புரிந்துகொண்டவர்கள் அல்ல என்று இதைப் படித்தபோது தோன்றியது. எழுத்து, ஞாபகத்துக்குப் பிந்தியதாகிவிட்டால் அதுவே ஞாபகத்தைத் தயாரிக்க ஆரம்பித்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு இருந்திருக்கிறது.

அந்தப் பயத்தை மீறி சாட்சியம் என்கிற வடிவமே என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் போய் 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியமம் வந்திருக்கிறது. பெயர் மாறினாலும், குறுக்கு விசாரணையில் விடையை உள்ளே வைத்தே கேள்வி கேட்கலாம் என்கிற அனுமதி மாறவில்லை. நம் கீழ்க் கோர்ட்டுகளில் பெரும்பாலும் கேள்வி தனியாகப் பதிவாவதில்லை. கேள்வியும் பதிலும் சேர்ந்து சாட்சியின் வாயிலிருந்து வந்த ஒரே வாக்கியமாகிவிடுகின்றன. "நீங்கள் கவனக்குறைவாகத் திரும்பியதால்தான் விபத்து நடந்தது என்கிறேன்" என்பார் வக்கீல். "இல்லை" என்பேன் நான். தாளில் விழுவது இது: 'நான் கவனக்குறைவாகத் திரும்பியதால்தான் விபத்து நடந்தது என்று சொன்னால் சரியல்ல.' வாக்கியம் முழுக்க அவருடையது. கடைசிச் சொல் மட்டும் என்னுடையது. தமிழில் எதிர்மறை கடைசியில் வருகிற காரணத்தால், படிக்கிறவர் அந்தக் கடைசிச் சொல்லை எட்டுகிற வரையில் நான் என் குற்றத்தை ஒப்புக்கொண்டு வருவதாகவே படிப்பார். ஜூனியர் மாதிரிக்குக் காட்டிய ஒரு பழைய சாட்சியத்தில் மூன்று பக்கங்களுக்கு 'நான்', 'நான்' என்றே இருந்தது. அதைச் சொன்னவர் எந்த மாதிரி மனிதர் என்று என்னால் ஊகிக்க முடியவில்லை. அவரைக் குறுக்கு விசாரணை செய்த வக்கீலை நன்றாகத் தெரிந்துகொண்டேன்.

இந்த இடத்தில் என்மேலேயே எனக்கு ஒரு சந்தேகம் எழுகிறது. இந்தப் பத்திரிகையிலும் இதுபோன்ற பத்திரிகைகளிலும் பத்து வருஷமாக நான் செய்துவருவது என்ன? ஒரு கவிதையை எடுத்துக்கொண்டு, இது அனுபவத்திலிருந்து வந்ததா, பயின்று வந்ததா என்று கேட்கிறேன். துயரத்தைப் பற்றி எழுதியவர் துயரப்பட்டிருக்கிறாரா, துயரத்துக்கான வார்த்தைகளைப் படித்திருக்கிறாரா என்று துருவுகிறேன். ஒரு இளம் கவிஞரின் தொகுப்பை 'ஒத்திகை பார்க்கப்பட்ட அனுபவம்' என்று எழுதி ஒதுக்கியிருக்கிறேன். அப்போது அது கூர்மையான வாக்கியமாகப் பட்டது. மூன்றாம் மாலை பச்சை அம்பைப் பார்த்த பிறகு அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல வரவில்லை. அவருக்கும் திரும்பத் திரும்ப எழுதியதில் அது நிஜமாகவே ஞாபகத்துக்கு வந்திருக்கலாம். ஆனாலும் விமர்சகனின் சந்தேகம் அதனால் தவறாகிவிடவில்லை. அந்தச் சந்தேகத்துக்கு முகம் கொடுப்பது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

சந்தேகம் காலையும் விட்டுவைக்கவில்லை. "கூண்டுல ஏறும்போது மெதுவா ஏறுங்க சார், ஜட்ஜ் பாப்பாங்க" என்றார் ஜூனியர். நான் எப்போதும் மெதுவாகத்தான் ஏறுகிறேன். அவர் சொன்ன நாளிலிருந்து என் நொண்டலை நானே கவனிக்கத் தொடங்கினேன். சில நாள் அதிகம் தெரிகிறது, சில நாள் குறைவு. குறைவாக இருந்த ஒரு நாள் எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். சார்த்தர் 1943இல் வெளிவந்த தம் தத்துவ நூலில், ஓட்டல் சிப்பந்தி ஒருவன் ஓட்டல் சிப்பந்தியாக நடிப்பதைப் பற்றி எழுதுகிறார். அவன் சிப்பந்திதான், இருந்தும் நடிக்கிறான். கல்லூரியில் படித்தபோது இது ஒரு சாமர்த்தியமான உதாரணம் என்று மட்டும் நினைத்திருந்தேன். நொண்டுகிறவன் நொண்டுகிறவனாக நடிக்க நேரும் என்று அப்போது தெரியாது. வலி இருப்பது நிஜம். அதைக் காட்ட வேண்டிய நிர்ப்பந்தம் வந்ததும் வலியிலும் கொஞ்சம் பொய் கலந்துவிடுகிறது.

உண்மையில் நான் இழந்தது என்ன? உச்ச நீதிமன்றம் 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் சொன்னதை ஜூனியர் படிக்கக் கொடுத்தார். உடலின் ஊனச் சதவீதமும் சம்பாதிக்கும் சக்தியின் இழப்பும் ஒன்றாகாது என்பது அதன் சாரம். இடது கை போனவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் ஏறக்குறைய முழுச் சம்பாத்தியமும் போகிறது. அவரே அரசாங்க குமாஸ்தாவாக இருந்தால் வேலையில் நீடிக்கலாம், அதனால் வருமான இழப்பு மிகவும் குறைவு என்று உதாரணம் தருகிறது. இலக்கியத்தில் குமாஸ்தாவுக்கு ஒரு இடம் உண்டு. சட்டத்திலும் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. அதில் நியாயமும் இருக்கிறது. என் சம்பளம் ஒரு ரூபாயும் குறையவில்லை. "இப்பவும் அதே சம்பளம்தானே?" என்ற கேள்விக்கு என் பதில் "சரிதான்". நான் இழந்தது நடந்துகொண்டே பேசுவதை. வங்கி முடிந்து நண்பர்களோடு பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்தபடி கவிதையைப் பற்றிச் சண்டை போடுவோம். இப்போது உட்கார்ந்து பேசுகிறோம், பேச்சு வேறாகிவிட்டது. வாழ்வின் வசதிகளை இழத்தல் என்று சட்டத்தில் ஒரு தலைப்பு உண்டு. இதை அதில் சேர்க்கலாமா என்று வக்கீலைக் கேட்கவில்லை.

வியாழக்கிழமையை ஒரு அவமானமாக எடுத்துக்கொண்டு இன்ஷ்யூரன்ஸ் வக்கீலை வில்லனாக்கிவிடுவது சுலபம். நவீனத்துவ வாசகனுக்கு உடனே காஃப்கா நினைவு வரும். காஃப்கா 1908லிருந்து 1922வரை ப்ராக் நகரில் தொழிலாளர் விபத்து இன்ஷ்யூரன்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். மரம் இழைக்கும் யந்திரத்தில் விரல் போகாமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்று படங்களோடு அறிக்கை எழுதியவர். 'விசாரணை'யை நாம் ஆன்மீக இருட்டாக வியாக்கியானம் செய்கிறோம். அதை எழுதியவர் பகலெல்லாம் விபத்துக் கோப்புகளோடு இருந்தார். கோப்பு இல்லாத இடத்தில் வெட்டுப்பட்ட விரலுக்கு எதுவும் கிடைக்காது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

சென்னையில் இந்தத் தீர்ப்பாயங்கள் சிறு வழக்குகள் நீதிமன்றத்தைச் சேர்ந்தவை. உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை இருக்கிறது. அது நம்முடைய முதல் வாகன விபத்து வழக்கு. பெரிய புராணம் சொல்கிறபடி பார்த்தால் கன்றுதான் துள்ளி வந்து தேர்க்காலில் அகப்படுகிறது. இன்றைய வக்கீல் கன்றின் பங்குக்கும் கவனக்குறைவு உண்டு என்பார். மந்திரிகள் பிராயச்சித்தம் செய்துவிடலாம் என்கிறார்கள். அரசன் மறுத்துவிட்டுத் தன் மகனையே தேர்க்காலில் இடுகிறான். பசுவை யாரும் குறுக்கு விசாரணை செய்யவில்லை. அது மணியை அடித்ததே போதுமானதாக இருந்தது. நாம் அரசனுக்குச் சிலை வைத்துவிட்டு மந்திரிகள் சொன்ன வழியைத்தான் சட்டமாக்கியிருக்கிறோம். எனக்கு அதில் திருப்திதான். லாரி ஓட்டியவருக்கு மகன் இருந்தால் அவன் நன்றாக இருக்கட்டும். ஆனால் நஷ்டத்துக்குப் பணம் என்று ஆன பிறகு, எவ்வளவு பணம் என்ற கேள்வி வந்துவிடுகிறது. அளக்க வேண்டுமென்றால் சந்தேகப்பட வேண்டும். அரசனின் தேர் இல்லாத நீதிக்கு நாம் கொடுக்கும் விலைதான் குறுக்கு விசாரணை. அந்த நீதியிடம் பணம் கேட்டு வந்தவன் நான். அதன் சந்தேகத்துக்கு என் சந்தேகத்தை மறைக்காமல் காட்ட நான் கடமைப்பட்டவன் என்று தோன்றுகிறது.

நான்காம் பாராவை எடுத்துவிட வேண்டும் என்று சொன்னபோது ஜூனியர் பொறுமையாகத்தான் கேட்டார். "போடலைன்னு உங்களுக்குத் தெரியுமா?" தெரியாது. "அப்ப போடலைன்னும் சொல்ல முடியாது. கேட்டா என்ன சொல்வீங்க?" ஞாபகமில்லை என்பேன். "அதை வச்சு உங்க பேர்ல இருபது இருபத்தஞ்சு சதவீதம் தப்பைப் போடுவாங்க. மொத்தத் தொகையில அது போயிடும். அவங்க மட்டும் உண்மையா சொல்றாங்க? டிரைவரைக் கூண்டுல ஏத்தவே மாட்டாங்க சார்."

அவர் சொன்னது அனைத்தும் சரி. 'ஞாபகமில்லை' என்பது கோர்ட்டில் பொய்யர்கள் தங்குகிற சத்திரம் என்பதும் எனக்குத் தெரியும். உண்மையாகவே ஞாபகமில்லாதவனும் அங்கேதான் போய்ப் படுக்க வேண்டியிருக்கிறது. இன்னொன்றும் தெரியும். இந்த நேர்மை எனக்குக் கட்டுப்படியாகிறது. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. கால் போன மூட்டை தூக்குகிறவர், அந்தத் தீர்ப்பில் வருகிற தச்சர், இவர்களிடம் போய் உங்கள் ஞாபகத்தின் ஊற்றைச் சோதித்துப் பாருங்கள் என்று சொல்கிற தகுதி எனக்கு இல்லை. அவர் 'போட்டேன்' என்று சொன்னால், அதற்குள் அவருடைய குழந்தைகளின் பள்ளிக்கூடம் இருக்கிறது. என் முடிவை ஒரு பொது அறமாக முன்வைக்க நான் தயாரில்லை. ஆனால் கட்டுப்படியாகிறவனும் செய்யாவிட்டால் அது யாருக்குத்தான் கட்டுப்படியாகும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

சீனியர் சற்று நேரம் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பத் தட்டச்சு செய்ய நேரமில்லை என்றார். "அந்த வரியை அடிச்சுட்டுப் பக்கத்துல கையெழுத்துப் போடுங்க." போட்டேன். அடித்துத் திருத்திய காசோலையைத் திருப்பி அனுப்புவது வங்கியில் என் அன்றாட வேலை. அடித்தல் உள்ள வாக்குமூலத்தோடு வியாழக்கிழமை நான் போகிறேன். எதிர்த்தரப்பு வக்கீல் அனுபவசாலி என்கிறார்கள். அவர் கண் முதலில் போகிற இடம் அதுவாகத்தான் இருக்கும்.

நேற்றிரவு மறுபடி யோசித்துப் பார்த்தேன். பச்சை அம்பு இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. இனி அது அணையாது என்று நினைக்கிறேன்.